கொடி ஏறாத காலை

திருகோணமலைத் துறைமுகத்துச் சரக்கு வள்ளத் தொழிலாளருக்குக் கிழமையில் ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு வேண்டும் என்று ஒரு சங்கம் போராடிக்கொண்டிருந்தது. அந்தச் சங்கத்தின் காரியதரிசி பாக்கியரத்தினம், போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாள்கூட ஓய்வெடுக்கவில்லை. பதினொரு மாதம். இதில் சிரிப்பதற்கு ஏதும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. "பந்தியில பரிமாறுறவன் கடைசியாத்தானே சாப்பிடுறவன்" என்று ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"பரிமாறுறவர் சோத்துச் சட்டிக்குள்ள தலைகீழா விழுந்தா, பந்தியில இருக்கிறவன் எதைச் சாப்பிடுறது?" என்று மனைவி பூரணி கேட்டாள்.

நல்ல பேச்சு என்று பாக்கியரத்தினம் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டார், கம்பனிக்கு எதிரான அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று. அது தன்னைப் பற்றிய பேச்சு என்பது மண்டையில் ஏறவில்லை. அந்த மண்டையில் அப்போது எதுவுமே ஏறுகிற நிலையில் இல்லை. ஒரு செத்த வீட்டில் அனுதாப உரை சொல்லப் போனவர், கடைசியில் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தி "போராட்டம் வெல்க!" என்று முடித்தார். செத்தவரின் மருமகன் நல்ல பிள்ளை. சபை திகைத்து நிற்கக்கூடாதே என்று அவன் மட்டும் மெதுவாக "வெல்க" என்றான்.

அது ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டு, பிறை பார்த்துப் போயா நாளுக்கு லீவு விட்ட காலம். கந்தோர்களும் பள்ளிக்கூடங்களும் பிறை பார்த்து மூடித் திறந்தன. கப்பலுக்குப் பிறையும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. தேயிலைக் கப்பல் வந்து நின்றால், பெட்டிகளை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய் அதன் வயிறு நிரம்பும் வரைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சரி, லீவு கேட்பது என்று தீர்மானித்தாயிற்று, எந்த நாள்? குடாவுக்கு அக்கரையிலிருந்து லாஞ்ச் படகில் வரும் மூதூர் முஸ்லிம் ஆட்கள் வெள்ளி என்றார்கள். பட்டணத்துச் சைவக்காரரும் வெள்ளி என்றார்கள். சண்டைக்கு இடமில்லாமல் போய்விடுமோ என்று பயந்தபோது கரையோரத்துக் கத்தோலிக்கர் நாலு பேர் ஞாயிறு என்று காப்பாற்றினார்கள். எந்த நாள் ஓய்வெடுப்பது என்று தீர்மானிக்க நாலு கூட்டம் நடந்தது. நாலும் போயா லீவு நாளில்தான் நடந்தன.

சங்கத்துக்கு ஒரு கயிற்றுக் கடையின் மேல்மாடியில் ஒரு அறை. அறைக்குள்ளிருந்து மொட்டை மாடிக்கு ஒரு படி, மாடியில் ஒரு கொடிக்கம்பம். அந்தக் கம்பம் அலங்காரத்துக்கு நின்றதல்ல. முந்தின வருசம் ஒரு வேலைநிறுத்தம் வதந்தியால் உடைந்துபோனது. "சங்கம் சமாதானமாயிட்டுதாம்" என்று மூதூர்த் துறையில் யாரோ காதில் ஊத, விடியற்காலை லாஞ்சில் வந்தவர்கள் நேரே வேலைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்குப் பாக்கியரத்தினம் ஒரு சட்டம் போட்டார்: வாயை நம்பாதே, கொடியை நம்பு. சிவப்புக் கொடி ஏறியிருந்தால் வேலை இல்லை, மூதூர் ஆட்கள் துறையில் கால் வைக்காமல் அதே லாஞ்சில் திரும்ப வேண்டும். கொடி இல்லையென்றால் வழக்கு இல்லை, வேலைக்குப் போகலாம். காரியதரிசியே நேரில் வந்து வேறு கதை சொன்னாலும் கொடியைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவருக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அறையைப் பூட்டித் திறக்க இரண்டு திறப்புகள். ஒன்று பாக்கியரத்தினத்தின் அரைஞாணில். மற்றது உப காரியதரிசி ஸெய்னுதீனிடம்.

ஸெய்னுதீன் மூதூர்க்காரர், ஒரு சரக்கு வள்ளத்தின் தண்டையல். சுக்கானைப் பிடிப்பதும் எட்டுப் பேரை வேலை வாங்குவதும் அவர் பொறுப்பு. கப்பல் வேலை இரண்டு நாள் இரண்டு இரவு என்று இழுபடும்போது வள்ளங்களில் ஒரு முறை உண்டு. தண்டையல் பெயர் சொல்ல, ஒவ்வொருவராகப் படங்குத் துணிக்குக் கீழே போய்ப் படுத்து எழும்ப வேண்டும். படுத்தவனை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை, அவன் குறட்டையைக்கூடப் பகிடி பண்ணுவதில்லை. தண்டையலின் முறை வந்தால் தண்டையலும் படுக்க வேண்டும். சுக்கானை அடுத்தவன் கையில் கொடுக்கத் தெரியாதவன் தண்டையல் இல்லை என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஸெய்னுதீன் பாக்கியரத்தினத்தைக் 'கிளாக்கர்' என்பார். வெள்ளைக்காரன் காலத்தில் பாக்கியரத்தினம் கடற்படைத் தளத்தில் கிளாக்கராக இருந்தவர். வெள்ளைக்காரன் போனான், வேலையும் போனது, பெயர் மட்டும் நின்றது.

ஆடி மாதத்தில், கச்சான் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், செயற்குழுக் கூட்டத்தில் ஸெய்னுதீன் எழும்பினார்.

"எனக்குப் பத்து நாள் லீவு வேணும், கிளாக்கர்."

"வயல் வேலையோ?"

"இல்ல. சும்மா கிடக்க."

"சும்மா கிடக்கவோ?"

"ஓம். நேத்து என்ட சின்ன மகள் தண்ணிக் குவளையத் தட்டிட்டாள் எண்டு கையை ஓங்கிட்டன். என்ட பொஞ்சாதி அசனா ஒரு கதையும் கதைக்கல்ல. புள்ளையத் தூக்கிட்டு உள்ளுக்குப் போயிட்டா." ஸெய்னுதீன் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் மெல்ல நடுங்கின. "சுக்கான் புடிக்கிற கை இது. உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றன். உங்கட கண் ரெண்டும் நெருப்பு மாதிரிக் கிடக்கு. வள்ளத்துல செய்யிற மாதிரிச் செய்வம். முதல் நான் படுக்கன். பிறகு நான் வந்து உங்கட திறப்பையும் வாங்குறன், நீங்க போய்ப் படுங்க. பிறகு ஹிஸ்புல்லா. சங்கம் ஓடும்."

"நல்ல யோசனை" என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். பின்னாளில் பாக்கியரத்தினம் அந்த இரண்டு சொல்லையும் தனக்குள்ளே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். அப்போது ஏழு பேர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் இல்லாமல் சங்கம் ஓடும் என்று ஒருவன் சபையில் சொன்னது எங்கோ சுருக்கென்று தைத்திருந்தது. அதற்குள் நாக்கு நுனிக்கு ஒரு பகிடி வந்துவிட்டது. அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். வந்த பகிடியை விழுங்க ஏலாது, அதற்குப் பதிலாக ஒரு சினேகிதனை விழுங்கச் சொன்னால் விழுங்கிவிடுவார்.

"தோழர்களே, ஒரு புதுச் சங்கம் உதயமாகுது!" என்றார் மேசையைத் தட்டி. "அகில இலங்கை நித்திரைத் தொழிலாளர் சங்கம். தலைவர், தண்டையல் ஸெய்னுதீன் அவர்கள். கோரிக்கை, ஆளுக்கொரு தலகாணி. கொடியில சின்னம், பாய்!"

சபை சிரித்தது. செயற்குழுவின் மூதூர்ப் பொடியன் ஹிஸ்புல்லா மேசையில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக் காட்டினான். ஸெய்னுதீனும் சிரித்தார். அதுதான் வினை. அவர் கோபப்பட்டிருந்தால் பாக்கியரத்தினம் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருப்பார்.

"நல்ல பகிடி, கிளாக்கர்." ஸெய்னுதீன் இடுப்பிலிருந்து திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதையும் வச்சிருங்க. நித்திரைச் சங்கத்துத் தலைவருக்குத் திறப்பு எதுக்கு? பாய் போதும்."

சபை திரும்பவும் சிரித்தது. அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது. பாக்கியரத்தினம் இரண்டாவது திறப்பையும் அரைஞாணில் கோத்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்தபோது இடுப்பில் ஒரு கனம் தெரிந்தது. சங்கமே தன் இடுப்பில் தொங்குகிற மாதிரி ஒரு கனம். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அது அவருக்குப் பிடித்திருந்தது.

மூன்று கிழமை கழித்துத் தொழிற் கந்தோரில் கடைசிப் பேச்சுவார்த்தை. காரியதரிசி தனியாகப் போனார், வேறு யாரையும் நம்பிக் கூட்டிக்கொண்டு போக மனமில்லை. கம்பனி மனேசர் எல்லாக் கடதாசியையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கப்பலுக்கு லீவு இல்லையே மிஸ்டர் பாக்கியரத்தினம்" என்று முடித்தார். ஐந்து மணிக்குப் பேச்சு முறிந்தது. விடிந்தால் வேலைநிறுத்தம். முதல் லாஞ்ச் வரும் முன் கொடி ஏற வேண்டும்; ஏறாவிட்டால் கம்பனி இணங்கிவிட்டது என்று அர்த்தம்.

பொழுது படும் நேரம் பூரணி சாப்பாட்டுப் பெட்டியோடு சங்க அறைக்கு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, வீட்ட வாங்கோ. நாலு மணிக்கு நான் எழுப்பிவிடுறன்."

"கொடி ஏத்திற நாளில காரியதரிசி பெண்சாதிக்குப் பக்கத்தில படுத்துக் கிடந்தவராம் எண்டு சரித்திரம் சொல்லுமப்பா."

"சரித்திரத்துக்கு வேற வேலை இல்லையாக்கும். அப்ப நான் இஞ்சயே இருக்கிறன்."

"சனம் என்ன கதைக்கும்? நீ போ."

பூரணி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "ஆரிட்டையாவது ஒரு திறப்பைக் குடுத்து வையுங்கோவன். ரெண்டையும் கட்டிக்கொண்டு திரியிறீங்கள், கோயில் யானை மாதிரி."

அவர் இடுப்பைத் தட்டிச் சிரித்தார். திறப்புகள் கிணுங்கின. அவள் போனபின் கதவை உள்ளேயிருந்து பூட்டினார்.

நியாயமாகச் சொன்னால் அவர் நாலு மணிக்கு எழும்பத்தான் செய்தார். முகம் கழுவினார். பெட்டியிலிருந்து கொடியை எடுத்து உதறினார். வெளியே இன்னும் இருட்டு. இருட்டில் ஏற்றிய கொடி யாருக்குத் தெரியும்? கிழக்கு வெளுக்கட்டும் என்று, கொடியை மடியில் வைத்துக்கொண்டு, சங்கத்தின் ஒரே ஒரு கைபோட்ட கதிரையில் உட்கார்ந்தார். கண்ணை அவர் மூடவில்லை. கொஞ்சம் சாத்தி வைத்தார், அவ்வளவுதான்.

கதவு தட்டுகிற சத்தத்தில்தான் விழித்தார். யன்னலால் வெயில் வந்து காலைச் சுட்டுக்கொண்டிருந்தது.

"காரியதரிசி ஐயா! திறங்க ஐயா!"

திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தார். படி நெடுக ஆட்கள். முன்னுக்கு ஹிஸ்புல்லா. அவன் கையில் ஒரு பெரிய தயிர்ச் சட்டி, வாய்க்கு வாழையிலை போட்டுக் கட்டியிருந்தது.

"வெண்டிட்டம் ஐயா!" ஹிஸ்புல்லாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "லாஞ்ச் முனை திரும்பக்குள்ள எல்லாரும் எழும்பி நிண்டு கம்பத்தப் பாத்தம். கொடி இல்ல! ஒரு மனிசன் வாய் திறக்கல்ல ஐயா. பிறகு ஒருத்தன் அழுதான், பிறகு முழு லாஞ்சும் அழுதது. வேலைக்குப் போய் முதல் வள்ளத்த அனுப்பிட்டு ஓடி வாறம். இது எங்கட எருமைத் தயிர், லாஞ்சில விக்க வந்தது. நீங்கதான் முதல் அள்ளோணும்."

பாக்கியரத்தினம் கையை உயர்த்தி அவனை நிறுத்தப் பார்த்தார். அவன் நிறுத்தவில்லை.

"துறையில ஒருத்தன் சொன்னான் ஐயா, பேச்சுவார்த்தை குழம்பிட்டாம், தொழிற் கந்தோர்ப் பியோன் சொன்னானாம் எண்டு. நான் அவன்ட சட்டையப் புடிச்சிட்டன். வாயை நம்பாத, கொடியை நம்பு எண்டு எங்கட ஐயா படிப்பிச்சது எதுக்குடா எண்டு கேட்டன்." ஹிஸ்புல்லா மூச்சு வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "எந்த நாள் ஐயா லீவு? வெள்ளிதானே?"

அப்போதுதான் அவன் கண் காரியதரிசியின் தோளில் நின்றது. தூக்கத்தில் இழுத்துப் போர்த்திய சிவப்புக் கொடி அங்கே போர்வையாகக் கிடந்தது.

ஹிஸ்புல்லா குனிந்தான். பிள்ளைத்தாய்ச்சியை உட்கார்த்துவது போலத் தயிர்ச் சட்டியை மெதுவாக நிலத்தில் வைத்தான்.

பாக்கியரத்தினம் மாடிக்கு ஓடினார். கயிற்றைக் கட்டிக் கொடியை இழுத்தார். பத்து மணி வெயிலில், கச்சான் காற்றில், கொடி படபடவென்று அழகாகத்தான் பறந்தது. துறைமுகத்தில் வள்ளங்களில் நின்ற ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வெற்றிக் கொடி என்று நினைத்தார்கள். தலைப்பாகையைக் கழற்றி வீசிக் காட்டினார்கள். ஒரு வள்ளத்திலிருந்து கூவெனக் கூக்காட்டல் எழும்பியது. மற்ற வள்ளங்களும் சேர்ந்துகொண்டன.

அந்தத் தயிரை யாரும் தொடவில்லை.

பின்னேரமே கம்பனி வாசலில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. தொழிலாளர் அனைவரும் தாமாகவே வேலைக்கு வந்தபடியால் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். அடுத்த நாள் விடியக் கொடி ஏறியது. பாதிப் பேர் லாஞ்சில் திரும்பிப் போனார்கள், பாதிப் பேர் "இது எந்தக் கொடி, நேத்தையதா இண்டையதா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். எட்டாம் நாள் எல்லோரும் வேலையில் நின்றார்கள். யாராவது ஏசியிருக்கலாம். ஏசினால் பதில் சொல்லத் தெரிந்த மனிதர் அவர். ஒருவரும் ஏசவில்லை. தேத்தண்ணிக் கடையைக் கடக்கும்போது, "பாவம் மனிசன், களைச்சுப் போனார்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. 

இரண்டு கிழமை கழித்து, பின்னேர லாஞ்சில் மூதூருக்குப் போனார். ஸெய்னுதீன் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க கிளாக்கர். இரிங்க." உள்ளே திரும்பி, "அசனா, தேத்தண்ணி" என்றார்.

பாக்கியரத்தினம் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் லாஞ்சில் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார், மூன்று பகுதி, முடிவுரையோடு. ஒரு பகுதியும் வரவில்லை. அரைஞாணிலிருந்து ஒரு திறப்பைக் கழற்றி நீட்டினார்.

"அண்டைக்கு நான் உங்களை..."

"நல்ல பகிடிதான் அது. லாஞ்சில ஏறியும் சிரிச்சிக்கிட்டுத்தான் வந்தனான்." ஸெய்னுதீன் துவாயால் முகத்தைத் துடைத்தார். "மூதூர்ல இறங்கக்குள்ளதான் சிரிப்பு நிண்டது."

"அண்டைக்கு விடிய இந்தத் திறப்பு உங்கட கையில இருந்திருந்தா..."

ஸெய்னுதீன் துவாயைத் தோளில் போட்டார்.

"முதல் லாஞ்சில வந்திரிப்பன். எல்லாரோடயும் கம்பத்தப் பாத்திரிப்பன். அவங்க எல்லாரும் வெண்டிட்டம் எண்டு நினைச்சிரிப்பாங்க. நான், கிளாக்கர் விழுந்திட்டார் எண்டு நினைச்சிரிப்பன். ஓடி வந்து கதவைத் திறந்திரிப்பன்."

அசனா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பாக்கியரத்தினத்தின் நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"திரும்பி வாங்க, தண்டையல். நீங்க சொன்ன மாதிரியே முறை வைப்பம். சத்தியமா."

"ஏலாது கிளாக்கர்." கோபமே இல்லாத குரல். "இந்தக் கையப் பாருங்க. நடுக்கம் நிண்டிட்டு. என்ட புள்ளை இப்ப எனக்குக் கிட்ட வாறாள். அங்க வந்தா திரும்ப எல்லாம் தொடங்கும் எண்டு எனக்குத் தெரியும், என்ட குணம் எனக்குத் தெரியும்." தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார். "நான் பத்து நாள்தான் கேட்டனான். நீங்க முழுசாத் தந்திட்டீங்க."

அது பகிடியாகத்தான் சொல்லப்பட்டது. பாக்கியரத்தினத்துக்கு அதற்கு எதிர்ப்பகிடி ஒன்றும் வரவில்லை. 

ஸெய்னுதீன் எழும்பிப் போய் ஒரு பாயை உதறி விரித்தார், தலைமாட்டில் ஒரு தலகாணியும் வைத்தார்.

"படுங்க."

"லாஞ்ச் போயிடும்..."

"போகட்டும். உங்கட முறை இது. எப்பவோ வந்த முறை."

கொஞ்சம் சாய்ந்துவிட்டு எழும்புவோம் என்றுதான் படுத்தார். விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது. அவர் நித்திரை குழம்பக்கூடாதென்று பிள்ளைகளை அயல்வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அசனாவின் குரல் கேட்டது:

"நேத்துப் பின்னேரம் அஸர் நேரம் படுத்தீங்க. இண்டைக்கு விடியச் சுபஹ் தொழுகையும் போயிட்டு. அவர் ரெண்டு தரம் வந்து மூச்சு வருதா எண்டு பாத்திட்டுப் போனவர்."

"எங்க அவர்?"

"வயலுக்கு. கிளாக்கரை எழுப்பாதே எண்டு சொல்லிட்டுப் போனார்."

தலகாணிக்குப் பக்கத்தில் திறப்பு இருந்தது. கழுவித் துடைத்து வைத்த ஒரு கோப்பைத் தட்டில், விருந்தாளியின் பொருளைப் பத்திரப்படுத்துவது போல வைத்திருந்தார்கள். பாக்கியரத்தினம் அதை எடுத்து மற்றத் திறப்போடு கோத்துக்கொண்டார். பதினொரு மாதத்துக்குப் பிறகு கண் எரியவில்லை. தலை தெளிவாக இருந்தது. மனேசருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அப்போதுதான் வரிசையில் வந்து நின்றன, கடை பூட்டியபின் வந்த சனம் மாதிரி.

லாஞ்ச் கொட்டியாரக் குடாவைக் கடந்தது. அவர் ஆட்களுக்கு நடுவில், ஒரு பலகையில் இருந்தார். வரும்போது முதுகைக் காட்டிக்கொண்டு வந்தவர், இப்போது பட்டணத்துப் பக்கம் பார்த்திருந்தார். லாஞ்ச் முனை திரும்பியது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஆனாலும் லாஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதையை நிறுத்திவிட்டுத் தலையை உயர்த்தினார்கள். பழக்கம். அவரும் உயர்த்தினார்.

இத்தனை வருசத்தில் அந்தக் கம்பத்தை அவர் கடலிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தரம். எவ்வளவு சின்னக் கம்பம். கூரைகளுக்கு மேலே ஒரு ஈர்க்குப் போல நின்றது. அதன் உச்சியில் ஒன்றும் இல்லை, வெறும் வானம்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்கும் நெஞ்சு குளிர்ந்தது. வென்றுவிட்டோம் என்று.

பிறகு லாஞ்ச் துறையில் மோதியது. ஆட்கள் இறங்கி வேலைக்குப் போனார்கள். அது ஒரு வெள்ளிக்கிழமை.